சப்பர வண்டி

இல்ல தம்பி, வண்டிக்கு அந்த நீலக் கலரு ஒரிஜினல் இல்ல. மாமனாரு திருச்சில ஏலத்துல எடுத்தப்ப மிலிட்டரி பச்சையாத்தான் இருந்துச்சாம். நீலம் மாதாவுக்காக அடிச்சது. ஒங்களுக்குப் பச்சதான் வேணும்னா கோயம்புத்தூர் போயி அடிச்சுக்கங்க. ஓட்டல் வாசல்ல நிக்கப் போற வண்டிதான, எந்தக் கலரா இருந்தா என்ன. இங்கிட்டு நெழலுக்கு வாங்க, நின்னு பொறுமையாப் பாருங்க.

எங்க வீட்டுக்காரரா? அவரு வீட்ல இல்ல. காலைலயே விராலிமல பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டாரு. சாவி, ஆர்சி புக்கு, கையெழுத்துப் போட்ட பேப்பரு எல்லாம் எங்கிட்டதான் இருக்கு. வண்டி வாசலத் தாண்டுறதக் கண்ணால பாக்க மாட்டாராம். நான் மட்டும் பாக்கலாமாம். பொண்டாட்டின்னு ஒருத்தி அதுக்குத்தான இருக்கேன். நீங்க என்னையவே கேளுங்க, எந்த நட்டு எந்தக் கடைல வாங்குனதுன்னு எனக்கு மனப்பாடம். பெத்த புள்ள ஜாதகம் மாதிரி தெரியும்.

இது சாமான் ஏத்துற வண்டி மட்டும் இல்ல தம்பி. வருசம் பூரா நெலக்கடல, முந்திரின்னு சந்தைக்கு ஓடும். ஆகஸ்ட்டு மாசம் மாதா திருவிழா வந்தா கழுவி, பூவச் சுத்தி, பின்னாடி பலகையில சப்பரத்த ஏத்துவாங்க. மாதா சொரூபம் இந்த வண்டிலதான் ஊரச் சுத்தி வரும். மாமனாரு காலத்துலேருந்து எங்க குடும்பத்து உரிமை அது. ஓட்டுறது இவரு. வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு, ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு, நடக்குற வேகத்துல ஓட்டுவாரு பாருங்க, அன்னைக்கு எங்கிட்டகூடப் பேச மாட்டாரு. அம்புட்டுப் பெருமை.

போன வருசத்துக்கு மொத வருசம் ஊர்க்கமிட்டில சவரிமுத்துன்னு ஒருத்தரு, அவருதான் தலைவரு, வந்து இவருகிட்டத் திண்ணமாச் சொல்லிட்டுப் போனாரு. தைரியநாதா, வண்டி பொகையாக் கக்குது, மாதா சேல கருத்துப் போவுது, இந்த வருசம் டிராக்டர்ல வச்சுக்குறோம். அம்புட்டுத்தான். டீயக்கூட முழுசாக் குடிக்கல.

இவரு பஸ் டிப்போல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. டிப்போல எப்படின்னா, டிரைவரு என்ன கம்ப்ளெயிண்ட்டுன்னு எழுதுறாரோ அதச் சரி பண்ணணும். நெசமா பொய்யான்னு கேக்கக் கூடாது. அந்தப் புத்தி போவுமா? பொகைன்னு சொன்னாங்கள்ல, மறுநாளே எஞ்சின எறக்கிட்டாரு. இந்தா இந்தத் தகரக் கொட்டாயி அதுக்குப் போட்டதுதான். மேல சங்கிலி மாட்டி எஞ்சின் தொங்கும், கீழ இவரு கெடப்பாரு. ஏங்க, வாசல்ல ஒரு துணி காயப் போட எடம் உண்டா? எங் குக்கர் மூடிக்கு மேல பிஸ்டன் ரிங்கக் காய வப்பாரு. இட்லிக் கொப்பரைல மண்ணெண்ணெய ஊத்தி சாமான ஊறப் போட்டாரு, அன்னைக்குப் போட்ட சண்டைல நான் ரெண்டு நாளு சமைக்கல. அதுக்கும் கோவம் வரல அவருக்கு. கடைல பரோட்டா வாங்கித் தின்னுட்டு மறுபடி போயி வண்டிக்கு அடில படுத்துக்கிட்டாரு.

ஸ்டார்ட் போட்டுக் காட்டுறேன், கேளுங்க. கேக்குதா? பொக எங்க இருக்கு? வெள்ளத் துணியப் பின்னாடி கட்டி வச்சு ஓட விட்டுக் காமிச்சாரு சவரிமுத்துகிட்ட. அவரு துணியத் தொட்டுப் பாத்துட்டு, பொக சரி, ஆனா கோயில் முன்னாடி எறக்கத்துல பிரேக்கு நம்பி விட முடியாது, மாதா சொரூபம் விழுந்துட்டா யாரு பதில் சொல்றதுன்னுட்டாரு.

சரின்னு பிரேக்கு. திருச்சி பழைய இரும்புக் கடையில கெடந்த வேன்லேருந்து டிஸ்க்கு பிரேக்கு கழட்டியாந்து மாட்டுனாரு. அதோட பவர் ஸ்டியரிங்கும் சேத்து. சுத்திப் பாருங்க, ஒத்த வெரல்ல சுத்தலாம். ஆர்டிஓ ஆபீஸுக்கு அலைஞ்சு எல்லாத்தையும் முறையாப் பதிஞ்சும் வாங்கிட்டாரு, பயப்படாதீங்க. அதுக்குள்ள போன வருசத் திருவிழாவும் வந்துருச்சு. மறுபடி டிராக்டருதான். அப்ப என்ன குறையாம்? வண்டி ரொம்பப் பழசாத் தெரியுதாம், ஊருக்கு மட்டமா இருக்காம். இந்த மனுசன் அதுக்கும் ஒக்காந்து ஒடம்பு பூராத் தேச்சு நீலப் பெயிண்ட் அடிச்சாரு. மாதா கலருன்னு. சீட்டத் தச்சாரு. சீரியல் செட்டு எரிய ஜெனரேட்டரு தனியா வேணாம்னு வண்டிலயே கரண்டு எடுக்குற மாதிரி பண்ணாரு. எனக்கு வயித்தெரிச்சலா வரும். பாத்துக்கிட்டே இருப்பேன்.

ஏன் வேணாம்னு சொல்லலன்னா கேக்குறீங்க? என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?

அந்த மொதப் பொக கம்ப்ளெயிண்டுக்கு மூணு மாசம் முன்னாடிதான் தம்பி எம் மவ ஜெனிஷா கல்யாணம். மாப்புள ஜெரால்டு, ஆஸ்பத்திரில லேப் டெக்னீசியன். இதே ஊருதான். தெக்குத்தெரு. கோயில் ஒண்ணுதான், பூசை ஒண்ணுதான், பூசைல நன்மை அப்பம் வாங்க ஒரே வரிசைதான். கல்லற மட்டும் வேற. சப்பரமும் அந்தத் தெரு முக்கோட திரும்பிரும். இப்ப புரியுதா எங்கேருந்து வந்துச்சு பொகைன்னு?

வாயத் தொறந்து ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. சொன்னா கேஸாயிரும்ல, வெவரமானவங்க. அதுனால பொகைம்பாங்க, பிரேக்கும்பாங்க. ஊரு பூராத் தெரியும், எனக்குத் தெரியும், ஜெரால்டுக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆளு வண்டிக்கு அடில படுத்துக் கெடந்தாரு. இவரும் கல்யாணத்துல மொதல்ல மூஞ்சத் தூக்குனவருதான். அப்புறம் அந்தப் பய ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து ஒயரிங்க் வேல பாத்துக் குடுத்ததுல ஒட்டிக்கிட்டாங்க. ஒரே தட்டுல வடை எடுத்துத் தின்னுவாங்க. நான் எதுக்குத் தம்பி வாயத் தொறக்கணும்? குறை இரும்புலதான் இருக்குன்னு அவரு நம்புற வரைக்கும் எம் மவ இந்த வீட்டுக்கு வருவா. அது போதும்னு இருந்தேன்.

போன மாசம் கமிட்டிக் கூட்டம். வண்டிய ஓட்டிக்கிட்டே போயி வாசல்ல நிறுத்திட்டு, இன்னும் என்ன குறை, சொல்லுங்க, சரி பண்றேன்னு கேட்டுருக்காரு. எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்காங்க. சவரிமுத்துதான் கடைசில, வண்டில ஒரு குறையும் இல்ல தைரியநாதா, நீ வீட்டுக்குப் போ அப்படின்னாரு.

அப்பத்தான் ஒறைச்சிருக்கு.

வந்தாரு. ஒனக்குத் தெரியுமான்னாரு. தெரியும்னேன். அவங்கள நாலு வார்த்த கேப்பாரு, சாமியாருகிட்டப் போவாரு, பிஷப்புக்கு எழுதுவாருன்னு நெனச்சேன். என்ன சொன்னாரு தெரியுமா? மொதல்லயே சொல்லிருந்தா எஞ்சின எறக்கிருக்க மாட்டேன்லன்னாரு. எனக்கு அப்படியே எரிஞ்சுச்சு தம்பி. எஞ்சினுக்குத்தான் அழுதாரு மனுசன். மறுநாளு பழைய வண்டி வேணும்னு நீங்க போட்ட விளம்பரத்தப் பாத்து போன் பண்ணாரு. அதோட விட்டாரா? ஜெனிஷாவுக்கு ஒம்பதாம் மாசம். தலப்பிரசவம். இங்கதான் வச்சுப் பாக்கணும், கட்டிலு தொட்டில்லாம் தயாரா இருக்கு. அவள இங்க கூட்டியார வேணாம், ஊரு நம்மளத் தள்ளி வச்சது போதும்னுட்டாரு. அவரு மவளத் தள்ளி வச்சத மட்டும் அவரு கணக்குல சேக்கல.

நான் போயி தொட்டிலத் தொடச்சு வச்சேன்.

சரி, வெல பேசுனது பேசுனபடிதான், எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. நீங்க எப்படியும் கீரனூர் வழியாத் திருச்சி போயித்தான மெயின் ரோட்டப் புடிக்கணும்? கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதான் எம் மவ வாடகைக்கு இருக்கா. என்னைய அங்க எறக்கி விட்டுட்டுப் போங்க தம்பி. இல்ல இல்ல, முன்னாடியே ஒக்காந்துக்குறேன். மாதா வார வண்டின்னு இம்புட்டு வருசமா என்னைய இதுல முன்னாடி ஏற விட்டதில்ல.

அந்தக் கட்டப்பையும் தொட்டிலும் மட்டும் பின்னாடி ஏத்திக் குடுங்க. வீட்டுச் சாவிய பக்கத்து வீட்ல குடுத்துட்டேன், சாயங்காலம் வந்தா வாங்கிக்குவாரு. சோறு ஆக்கி வைக்கல.