முப்பத்தெட்டாவது விதி

மார்ச் மாதத்திலேயே ஓசூரில் இப்படி வெயில் அடித்து நான் பார்த்ததில்லை, சார். பரவாயில்லை, ஃபேன் வேண்டாம். நீங்கள் எழுதும் காகிதம் பறக்கும்.

என் பெயர் சுடலைமுத்து. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சிப்காட்டில் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். டிசைன்காரர்கள் வரையும் ஒவ்வொரு படமும் என் சர்வருக்குத்தான் வரும். திருத்தித் திருத்தி அனுப்புவார்கள். முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று எல்லாவற்றையும் சர்வர் பத்திரமாக வைத்திருக்கும். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று எத்தனை நாள் கழித்தும் பார்க்கலாம்.

2005 கடைசியில் இடம் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு ஃபைலும் அவ்வளவு பெரிது. பெரிய ஃபைல்களில் கடைசிப் பதிப்பை மட்டும் வைத்துக்கொள், பழையதை அழித்துவிடு என்று சர்வருக்குக் கட்டளை போடலாம். எந்தெந்த ஃபைல் என்பதைப் பெயரை வைத்துத்தான் அடையாளம் காட்ட வேண்டும். வரிக்கு ஒரு விதி. சோதனை ஓட்டத்தைப் படம் பிடித்த வீடியோக்களுக்கு நான் முதலில் எழுதினேன். நட்சத்திரக் குறி போட்டால் அந்த ஃபோல்டரோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களையும் பிடிக்க மூன்று புள்ளி வைக்க வேண்டும். நான் நட்சத்திரம் வைத்துவிட்டேன். இடம் காலியாகவில்லை.

திங்கட்கிழமை மீட்டிங்கில் ஜோதிமணி அதைச் சொன்னாள். டிசைன் பிரிவுப் பெண், கரூர்க்காரி, அப்போது இருபத்தாறு வயது.

"முத்து அண்ணா, உங்க வலையில குட்டி மீனுதான் மாட்டியிருக்கு. திமிங்கலம் பூரா உள்ரூம்ல படுத்துத் தூங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் ஜெகதீஷ் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கேன்டீனில் ஒரு மாதம், "இன்னிக்கு என்ன மீனுங்க முத்து?" என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விதிகளை முதலிலிருந்து எழுதினேன். நாற்பது வரி. ஜெகதீஷ் சார் பக்கத்தைப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டார். முப்பத்தெட்டாவது வரி ஜோதிமணிக்கானது. மற்றவர்கள் ஃபைலுக்குத் தகடு அடிக்கும் அச்சின் எண்ணை மட்டும் பெயராக வைப்பார்கள். அவள் மட்டும் தன் பெயரின் இரண்டு எழுத்தை முன்னால் சேர்ப்பாள். கோயம்புத்தூரில் பழைய கம்பெனியில் பழகிய வழக்கம். அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் எந்த ஃபைலும், எந்த ஃபோல்டரில் இருந்தாலும், கடைசிப் பதிப்பு மட்டும். இந்த முறை மூன்று புள்ளிதான் வைத்தேன்.

எட்டு மாதம் அவளுக்குப் பழைய பதிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த ஆகஸ்டில் பிரஸ் மெஷின் ஒன்றுக்குப் பாதுகாப்புக் கூண்டு வரைந்தாள். தகடு உள்ளே போக மட்டும் அடியில் ஆறு மில்லிமீட்டர் சந்து. விரல் நுழையாது. நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவள் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து ஆறை அறுபதாக்கினேன். அவள் பெயரிலேயே சர்வருக்கு அனுப்பினேன். புதியது உள்ளே போனதும் பழையது அழிந்தது. விதி சரியாக வேலை செய்தது.

மறுநாள் அவள் இரண்டு மாதப் பயிற்சிக்குப் புனே போனாள். வெளியே கொடுத்துச் செய்த கூண்டு, படத்தில் இருந்தபடியே வந்தது. சரிபார்த்தவரும் படத்தை வைத்துத்தான் சரிபார்த்தார். பேக்கப் டேப்பில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழையதன் மேல் புதியது ஏறும். அதுவும் ஏறியது.

ஒருநாள் அந்த மெஷின் பக்கம் போனேன். ஓட்டுகிறவன் முனிவேல், சாமல்பட்டிப் பையன். கிணறு வற்றிப்போய் வேலைக்கு வந்தவன்.

"கை உள்ள போகுதா முனிவேல்?"

"போவுது சார். முன்னல்லாம் கொக்கி போட்டு இழுக்கணும். இப்போ கைய வுட்டு டக்குனு எடுத்துர்லாம். டார்கெட்டு முடிஞ்சி அரை மணி முன்னாடியே டீக்குப் போயிர்றேன். சூப்பரா பண்ணிக்கிறாங்கன்னு அந்த மேடத்துகிட்ட சொல்லுங்க சார்."

சொல்கிறேன் என்றேன்.

கூண்டு மாட்டிய நாற்பத்தோராவது நாள் அது நடந்தது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஜோதிமணி புனேயிலிருந்து நேராக என் அறைக்கு வந்தாள். பெட்டிகூடக் கையில் இருந்தது.

"அண்ணா, நான் ஆறுதாண்ணா போட்டேன். முதல் பதிப்ப எடுத்துக் குடுங்கண்ணா. உங்ககிட்டதான் இருக்கும்."

உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். மானிட்டரை அவள் பக்கம் திருப்பி, நீயே பாரம்மா என்றேன். பட்டியலில் முதல் பதிப்பு இருந்தது, திறந்தால் ஒன்றுமில்லை. இரண்டாவதில் அறுபது இருந்தது. மேலே அவள் பெயர், தேதி, நேரம். மூன்று முறை மூடித் திறந்தாள்.

"நான்தான் போட்டேனாண்ணா?" என்று கேட்டாள்.

"ஊருக்குக் கிளம்பற அவசரம்மா. யாருக்கும் வரும்" என்றேன்.

அன்று சாயங்காலமே, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை போயிற்று. கேஸ் வந்தது. மூன்றாவது வருஷமாக வாய்தாவுக்கு வாய்தா அப்பாவோடு கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு வருகிறாள். ஒருமுறை நான் சாட்சி சொல்லப் போனபோது என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அன்றைக்கு நீங்கள்தான் ஆறுதலாகப் பேசினீர்கள் என்றாள்.

போன வாரம் பெங்களூரிலிருந்து வந்த நிபுணரின் அறிக்கையைப் படித்தேன். "விதிகளை எழுதியவரின் கவனக்குறைவால் இவருடைய பழைய பதிப்புகள் தவறுதலாக அழிந்துள்ளன" என்று எழுதியிருக்கிறார். அதை வைத்து அவளை விட்டுவிடுவார்கள் என்கிறார்கள். விடட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த வரி பொய். கவனக்குறைவு கிடையாது, தவறுதலும் கிடையாது. அதைத் திருத்தத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

முனிவேல் கையை விட்டது அவன் அவசரம். ஜோதிமணி கையெழுத்துப் போட்டது அவள் பயம். அந்த அறுபது மில்லிமீட்டரையும் முப்பத்தெட்டாவது விதியையும் மட்டும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சார். கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். கோபக்காரன் அன்றைக்கே ஏதாவது செய்திருப்பான். நான் எட்டு மாதம் பொறுத்திருந்தேன்.