தபீதாளின் கட்டைவிரல்

சித்தூரில் தூசு இல்லாத வீடு எது, மச்சான்? கிரானைட் லாரி போகிற சாலையோரம் குடியிருந்தால் சாப்பிடுகிற தட்டிலும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். தபீதாளின் கருவிக்குள் முதலில் போனது அந்தத் தூசுதான். அதை நான் போடவில்லை. இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

பார்வை போன பிறகு உங்கள் தங்கை எப்படி இருந்தாள் என்று பார்த்தவர்தானே நீங்கள். உடுத்த, நடக்க, சர்ச்சுக்குப் போக, எல்லாவற்றுக்கும் என் தோளைத்தான் பிடித்துக்கொள்வாள். என் ரிப்பேர் கடையைக்கூட வீட்டு முன்னறைக்கு மாற்றிக்கொண்டேன். எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் நீங்கள் திருப்பதியிலிருந்து அந்தக் கருவியை வாங்கி வந்தீர்கள். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி, பக்கத்தில் சின்னச் சக்கரம். கட்டைவிரலால் உருட்டினால் புத்தகம், பஸ் நேரம், போன் நம்பர் என்று ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்லும்.

கொஞ்ச நாளில் சக்கரம் கரகரத்தது. ஒரு வரி நகர வேண்டிய இடத்தில் நாலு வரி தாவியது. பிரித்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் கொடுத்தேன். தபீதாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இன்னாங்க இது, புச்சு மாரி ஆயிடுச்சே" என்று சிரித்தாள். அந்த வாரமே தனியாகப் பஸ் ஏறித் திருப்பதியில் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று கடையைத் திறந்தேன், மூடினேன், மறுபடியும் திறந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திருப்பதி வண்டி ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். அவள் சாயங்காலம் நிதானமாக வந்து இறங்கினாள். அங்கே பார்வையற்ற பிள்ளைகள் பள்ளியில் பாட்டு டீச்சராகக் கூப்பிடுகிறார்கள் என்றாள்.

"தங்கறதுக்கு ரூமும் குடுக்கறாங்களாம். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துடுவேன்."

என்னைக் கேட்கவில்லை. சொன்னாள்.

உப்புத்தாளைச் சுரண்டியெடுத்த தூள் ஒரு சிட்டிகை போதும். சக்கரம் மறுபடியும் தாவியது. அவள் கொண்டுவந்து கொடுத்தாள். பிரிப்பது போலப் பிரித்து, மூடிக் கொடுத்தேன்.

"சக்கரம் நல்லாத்தான் கீது தபீதா. உனக்குத்தான் சுகர் ஏறிக்கினு போவுதே, விரல் மரத்துப்பூடும்னு டாக்டரே சொல்லலையா?"

நீங்கள் வருகிற நாளில் மட்டும் துடைத்து வைத்துவிடுவேன். உங்கள் விரலுக்கு ஓடும். நீங்கள் போன பிறகு அவள் விரலுக்கு ஓடாது. வேலை வேண்டாம் என்று அந்தப் பள்ளிக்கு அவளேதான் போன் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். விரலால் தடவிப் படிக்கிற பிரெயில் பைபிளைக்கூட மூடி வைத்துவிட்டாள். புள்ளிகள் சரியாகத் தெரிகின்றனவா என்று சந்தேகமாக இருக்கிறதாம்.

போன மாதம் சமையலறையில் கருகிய வாடை வந்தது. போய்ப் பார்த்தேன். காய்ந்த தோசைக்கல்லில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அழுத்திக்கொண்டு நின்றாள். கையை இழுத்துத் தண்ணீரில் வைத்தேன்.

"சுடுதுங்க" என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நல்லா சுடுது. அப்போ என் விரல் நல்லாத்தானே கீது?"

நான் மருந்து தடவிக்கொண்டே சொன்னேன்: "சூடு தெரியறது வேற நரம்பும்மா."

புண் ஆறினாலும் அந்த இரண்டு விரலிலும் தோல் தடித்துவிட்டது. இனி புள்ளிகள் உண்மையாகவே தெரியாது. மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன்.

இன்று நீங்கள் சொல்லாமல் வந்துவிட்டீர்கள், துடைத்து வைக்க நேரமில்லாமல் போயிற்று. கருவியின் மூடியைக் கழற்றியதும் தூளைப் பார்த்துவிட்டீர்கள். ஆமாம், நான்தான் போட்டேன். ஒவ்வொரு தடவையும் நான்தான்.

உள்ளேதான் படுத்திருக்கிறாள். திருப்பதிக்கு வருகிறாயா என்று நீங்களே போய்க் கேளுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். 'அவரு இல்லாம நான் எப்டிண்ணா இருப்பேன்' என்றுதான் சொல்வாள். அதில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லிக்கொடுத்ததில்லை.