பத்துக்கு நான்கு

இந்த டீயைக் குறை சொல்லக் கூடாது, மேடம். மலையில் விளையும் நல்ல இலை ஏலத்துக்குப் போய்விடும். மலையில் இருக்கும் ஆபீசுகளுக்குத் தூசிதான் வரும். எனக்குப் பழக்கம்தான். விசாரிக்க வந்திருக்கிறீர்கள், கேட்கிறீர்கள், சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. எனக்குப் புத்தியும் பேதலிக்கவில்லை.

என் பெயர் ஷைனா. நீலகிரியில் குந்தாப் பக்கம் ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், புள்ளியியலில் எம்.எஸ்ஸி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்புக்கான அறக்கட்டளையில் கணித மாதிரி செய்வது என் வேலை. பெரிய வித்தை ஒன்றுமில்லை. நலமாக இருக்கும் பெண்கள் ஒரு பெட்டி, கிருமி தொற்றியவர்கள் ஒரு பெட்டி, புண் வந்தவர்கள் ஒன்று, புற்று முற்றியவர்கள் ஒன்று. பெட்டிக்குப் பெட்டி ஓர் அம்புக்குறி, அம்புக்குறிக்கு ஓர் எண். எண் சரியாக இருந்தால், இருபது வருடத்தில் எத்தனை பேர் சாவார்கள் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம்.

ஓர் எண் மட்டும் யாரிடமும் இல்லை. கிருமி இருக்கிறது என்று சீட்டுக் கொடுத்தால், அந்தப் பெண் சிகிச்சைக்குத் திரும்பி வருவாளா? எங்கள் இயக்குநர் டாக்டர் ஜஸ்டஸ், மலையேறினால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும் கோயம்புத்தூர்க்காரர், மீட்டிங்கில் என் பக்கம் திரும்பி, "ஷைனா, உங்காளுங்க வருவாங்களா?" என்றார். அந்த 'உங்காளுங்க' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த அறையில் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பத்துக்கு நான்கு பேர் வருவார்கள் என்றேன். கல்யாணம் என்றால் மூன்று ஜீப் பிடிப்பார்கள், ஆஸ்பத்திரி என்றால் அரை நாள் கூலி போய்விடும் என்று பதுங்குவார்கள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எண் உள்ளே போனது.

அதை வைத்து மாதிரி ஒரு முடிவு சொன்னது. சோதனையையும் சிகிச்சையையும் ஒரே நாளில் முடிக்கும் வண்டி ஒன்று மலைக்கு வந்தால், இருபது வருடத்தில் முந்நூற்றுப் பத்து பெண்கள் பிழைப்பார்கள். கட்டுரையில் என் பெயர் மூன்றாவது. வண்டி தரச் சம்மதித்தவர்கள், அந்த எண்ணை மட்டும் களத்தில் சரிபார்த்துக் காட்டச் சொன்னார்கள். பெண்கள் தாங்களே திரும்பி வருவார்கள் என்றால் வண்டிக்குத் தேவையே இல்லை.

மஞ்சூருக்கு மேலே முதல் முகாம். இருபத்திரண்டு பேருக்குக் கிருமி. சீட்டுக் கொடுக்க நர்ஸ் சுமலதா போனாள். படிப்பு குறைவு, வாய் அதிகம். லைன் லைனாக ஏறி இறங்கி, அடுப்படியில் உட்கார்ந்து பேசி, மேஸ்திரியிடம் சண்டை போட்டு லீவு வாங்கி, இருபது பேரை ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். "பாத்தீங்களா, நம்ம பொம்பளைங்க சொன்னா வருவாங்க" என்று என்னிடமே பெருமை. ஒரு நர்ஸின் வாயைச் சமன்பாட்டில் எங்கே வைப்பது? அவள் மாற்றலாகிப் போனால் அந்த எண்ணும் கூடவே போய்விடும். விளக்கிச் சொன்னேன். "எனக்கு அதெல்லாம் புரியாதுங்க" என்றாள். புரியாதுதான். அந்த முகாமைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டாவது முகாம் எங்கள் எஸ்டேட்டில். எஸ்டேட்டின் செக்ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் பெயர் கூப்பிட்டோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு: வேலையை விட்டுப் போனவளின் பெயரிலேயே இன்னொருத்தி கொழுந்து பறிப்பாள். மேஸ்திரிக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். "ராஜகுமாரி" என்று கூப்பிட்டதும் பிலோமி எழுந்தாள். அசல் ராஜகுமாரி திருப்பூருக்குப் போய்ப் பத்து வருடம் ஆகிறது. பின்வரிசையிலிருந்து பாலாமணி, "ஏனுங்க நர்ஸம்மா, பேருதான் அவளுது, கர்ப்பப்பை இவளுதுங்க, பாத்து எழுதுங்க" என்றாள். சிரிப்பு அடங்க நேரமானது. இவர்களுக்கு எல்லாமே சிரிப்பு.

இருபது பேருக்குக் கிருமி. சீட்டுக் கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். என் ஊர், என் ஆட்கள். ஜஸ்டஸ் சாருக்கு அது நியாயமாகப் பட்டது. எட்டுச் சீட்டுகளைக் கொடுத்தேன். பன்னிரண்டை என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டி, பதிவேட்டில் அந்தப் பெயர்களுக்கு நேரே 'கொடுத்தாயிற்று, வரவில்லை' என்று எழுதினேன். யாருடையதை நிறுத்துவது என்று நான் முடிவு செய்யவில்லை. கம்ப்யூட்டரில் குலுக்கிப் போட்டேன். காலேஜுக்குப் போகும்போதெல்லாம் 'கலெக்டரம்மா வர்றாங்க, வழி விடுங்கடி' என்று நக்கலடித்த பாலாமணிக்குச் சீட்டுப் போய்ச் சேர்ந்தது. எனக்கு யார் மேலும் பகை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த எட்டுப் பேரும் சிகிச்சைக்கு வந்தார்கள், ஒருத்தி விடாமல். இருபதுக்கு எட்டு. பத்துக்கு நான்கு.

பதினான்கு மாதம் கழித்து, எடை போடும் இடத்தில் மூட்டையை இறக்கும்போது பிலோமிக்கு ரத்தம் போனது. சுமலதா பழைய லேப் தாளை எடுத்துப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தாள். பிறகு என் டிராயரைத் திறக்க வைத்தாள். பன்னிரண்டு சீட்டையும் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தாள். மீதிப் பதினொரு பேரைத் தேடிப் பிடித்ததில் இன்னும் இருவருக்கு முற்றியிருக்கிறது.

பிலோமி என் அம்மா. கோப்பில் படித்திருப்பீர்கள்; மரியாதைக்காகக் கேட்காமல் இருக்கிறீர்கள். ராஜகுமாரி என்ற பெயரில் இருப்பது அம்மா என்று தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதினால் உங்களுக்கு எளிது. தெரியும். அந்தப் பெயரில் அம்மா பறித்த கொழுந்தில்தான் நான் படித்தேன். நிறுத்த வேண்டிய பன்னிரண்டில் ஏழாவதாக அந்தப் பெயர் வந்தது.

சீட்டு வராதவர்களுக்கு ஒன்றுமில்லை என்று முகாமில் நாங்களே சொல்லியிருந்தோம். அந்த வாரம் சாப்பாடு போடும்போது அம்மா கேட்டாள்: "ஏங் கண்ணு, எனக்குச் சீட்டு வரலயே. ஒன்னுமில்லைன்னுதான அர்த்தம்?"

"அப்படித்தான்" என்றேன்.

"அப்பச் செரி" என்று எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். இப்போது கோயம்புத்தூரில் புற்றுக்குக் கரண்ட் வைக்கிறார்கள்.

வண்டி அடுத்த மாதம் வருகிறது என்று கேள்விப்பட்டேன். முந்நூற்றுப் பத்தில் பன்னிரண்டைக் கழித்தாலும் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு பட்டன், மேடம். அழுத்தியிருந்தால் மறுபடி குலுக்கியிருக்கும். அம்மா வெளியே வந்திருப்பாள், வேறொருத்தி உள்ளே போயிருப்பாள். நான் அழுத்தவில்லை. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சொந்தக்காரி என்று பார்த்து எண்ணில் கை வைத்தவள் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.