கொம்பில் பெற்ற குட்டிகள்

குப்பத்திலிருந்து சாந்திபுரம் போகும் பஸ். என் முன் சீட்டில் ஓர் அக்காவும், பெங்களூர் கம்பெனி வேலையிலிருந்து லீவில் வந்த தம்பியும்.

“தாய் செத்துப்போச்சிடா. குட்டிங்கள தலைமேலயே பெத்து வெச்சிட்டுதான் செத்திச்சி” என்றாள் அக்கா.

நான் ஜன்னலை விட்டுத் திரும்பினேன்.

“எதக்கா சொல்ற?”

“நம்ம வேலிக் கத்தாழையதான்.”

“வேலி பூரா போச்சா? பக்கத்துக் கொல்லிக்காரன் வரப்ப உழுதுக்கினு உள்ள வந்துட்டிருப்பானே!”

“எங்க வர்றது? செடி நடுவுல ஒசரமா வளந்த கொம்புல பூ உதுந்த எடத்துல எல்லாம் குட்டி மொளச்சி, எல விட்டு, கீழ வுழுந்து வேர் புடிச்சிக்கிச்சி. வரப்பு மேலயே முள்ளோட நிக்கிது.”

தம்பி குழம்பிப்போனான்.

“பூத்தா கத்தாழ செத்துடும், கொம்ப வெட்டினாதான் செடி பொழைக்கும்னு போன்ல அவ்ளோ தூரம் சொன்னேனே. வெட்டின கொம்புல குட்டி எப்பிடி?”

“நான் எங்க வெட்டனேன்?”

“வெட்டலயா?”

“நீ சொல்லி நான் என்னிக்குடா கேட்டேன்?”

அவன் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தான்.

“இனிமேலும் கேக்காதக்கா.”