கோதண்டம் பட்டறைக்கு வந்த ஆர்டர்

— வேணாம் சார். ராக்கெட்டு சாமான்னு சொல்லிக்கினு இந்தப் பட்டறைக்குள்ள இனிமே ஒருத்தரும் வரவேணாம்.

— அம்சவல்லியம்மா, நான் சொல்லுதத முழுசாக் கேளுங்க. கோதண்டம் அண்ணாச்சி இருந்தா என்னைய இப்பிடி வாசல்ல நிறுத்துவாகளா?

— எங்க வூட்டுக்காரு இருந்தா நீங்க இன்னாத்துக்கு சார் என்னாண்ட பேசப்போறீங்க?

— சரிதாம்மா.

— லாரிக்கும் பம்புசெட்டுக்கும் கடைசல் புடிச்சிக்கினு ஒரகடத்துல சும்மா கெடந்த மனுசன். நீங்கதான் ஜீப்புல வந்து, ரகுபதி ஆபீசருன்னு சொல்லி, படத்தை விரிச்சி வெச்சீங்க. அரசாங்கமே எல்லாத்தியும் செஞ்சிக்கினு இருந்தா நாடு எப்ப மேல போறது, தனியாரு பட்டறைங்களும் கை குடுக்கணும்னீங்க. அன்னிக்கு அவருக்கு சந்தோசத்துல சோறே எறங்கல.

— அது பொய்யில்லம்மா. இன்னைக்கும் அதத்தான் சொல்லுதேன். இன்னைக்கு உதிரி சாமான் செய்யுதவன் நாளைக்குச் சொந்தமா ராக்கெட்டே விடுவான். அதுக்கு அரசாங்கம் வழி போட்டுக் குடுக்கணும். படம் குடுத்தோம், முன்பணம் குடுத்தோம், செஞ்சத நாங்களே எடுத்துக்கிடுவோம்னு உறுதி குடுத்தோம்.

— எல்லாந்தான் குடுத்தீங்க. வெதை குடுத்தீங்க, எரு குடுத்தீங்க. பாம்பு கடிச்சப்ப மட்டும் 'உன் வயலு'ன்னுட்டீங்க.

— அந்த ஒண்ணுக்குத்தாம்மா இப்ப வந்திருக்கேன்.

— காத்தடைக்கிற அலுமினிய உருண்டைதானே கேட்டீங்க. மொகம் தெரியற மாதிரி பாலீஷ் போட்டு என்னைக் கூப்புட்டுக் காட்டுனாரு. காத்து அடைச்சிப் பாக்கணும், அதுக்கு எடம் கடலோரத்துல கீது, மொறை வரவரிக்கும் காத்திருன்னீங்க. மாசக்கணக்கா காத்திருந்தாரு. 'கெடு தாண்டினா ஆர்டர் போயிடும் அம்சா'ன்னுட்டு பட்டறைக்குப் பின்னாலயே பம்பு வெச்சி அடைச்சாரு. நான் கூழு கரைச்சிக்கினு இருந்தேன். வெடிச்ச சத்தம் பக்கத்து ஊரு வரிக்கும் கேட்டுச்சாம். எனக்கு அன்னிக்குக் கேக்கல சார். இப்பத்தான் பொழுதன்னிக்கும் கேக்குது.

— பட்டறைய வாடகைக்கு விட்டதாச் சொன்னாங்களே?

— கன்னியப்பன்னு ஒருத்தன் எடுத்தான். பொங்கல் தாண்டல, ஓடிட்டான். பட்டறைக்குப் பின்னால யாரோ மூச்சு இழுக்கறாப்பல இருக்குதாம். இழுக்கறது மட்டும் கேக்குதாம், வுடறது கேக்கலியாம்.

— அம்மா, இனிமே காத்தடைச்சுப் பாக்குத வேலை பட்டறைக்காரன் தலையில கிடையாது. ஸ்ரீபெரும்புதூர்லயே சோதனைக் கூடம் கட்டுதோம். ஆள் அடிபட்டா அரசாங்கம் பொறுப்பு ஏத்துக்கிடும். அண்ணாச்சிக்கு நடந்தத நான் மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்லிச் சொல்லித்தான் அது எழுத்துல வந்துச்சு. புது ஆர்டர் கொண்டாந்திருக்கேன், பட்டறையத் திறந்து விடுங்க.

— ஒருத்தரு செத்தாத்தான் சட்டம் பொறக்குமா சார்?

— முன்னாலயே எழுதியிருக்கணும்மா, தப்புதான்.

— சரி, பட்டறைச் சாவியத் தரேன். யாரை வெச்சினா நடத்திக்கோங்க. ஆனா ஒண்ணு. அவரு செஞ்சது ரெண்டு உருண்டை. வெடிச்சதை வாரி ஏரியில போட்டுட்டேன். இன்னொண்ணை நீங்க மறுநாளே ஜீப்புல தூக்கினு போனீங்க. அதைக் கொண்டாந்து குடுங்க. அதையும் தண்ணியில போட்டாத்தான் இந்த மூச்சு அடங்கும்.

— அது மட்டும் முடியாதும்மா.

— இன்னாத்துக்கு? ஒடைச்சிட்டீங்களா?

— இல்ல. எல்லாச் சோதனையிலயும் நின்னுட்டுது. போன வருசம் ராக்கெட்டு மேல போச்சுன்னு ரேடியோவுல சொன்னாங்கல்லா? அதுக்குள்ள இருந்தது அண்ணாச்சி செஞ்ச உருண்டைதான். இப்பவும் பூமியச் சுத்திக்கிட்டு இருக்கு.

— நம்ம ஊரு மேலயா?

— நம்ம ஊரு மேலயும் போவும்.

— ஒரு வருசமா ஏன் சார் எங்கிட்ட சொல்லல?

— சொன்னா அண்ணாச்சி எங்க ஆளுன்னு ஆயிரும், அந்தச் சாவும் எங்க கணக்குல வந்துரும்னு மேலதிகாரிங்க என் வாயை அடைச்சிட்டாங்க.

— அப்ப சாவி கெடையாது. அவரு வேலை மேல சுத்தும்போது பட்டறைய வேத்தாளு கையில இன்னாத்துக்குக் குடுக்கணும்? ஆர்டரை என் பேருல போடுங்க. ஆளுங்களை வெச்சிக்கினு நானே நடத்தறேன். சோதனை மட்டும் உங்க எடத்துல, உங்க ஆளுங்க முன்னாலதான் நடக்கணும்.

— நடக்கும்மா. நானே கூட நிப்பேன்.

— இன்னொண்ணு கேக்கறேன். அந்த உருண்டை எப்பனா கீழ எறங்குமா?

— ஒருநாள் எறங்கும். ஆனா வரும்போதே காத்துல உரசித் தீப்புடிச்சிரும். சாம்பல்கூட தரையில விழாது.

— அப்ப அந்தத் தீதான் அவருக்குக் கொள்ளி. இன்னும் வெக்கல சார்.