ஞாயிற்றுக்கிழமைச் சாட்சி

மைக் முன்னால் நிற்க எனக்குக் கூச்சம் கிடையாது, இன்ஸ்பெக்டர் மேடம். குழித்துறை வரைக்கும் போய் வேத வசனப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறேன். பதினேழு வயதில் இவ்வளவு தெளிவாகப் பேசுகிற பிள்ளை சபையில் வேறு இல்லை என்பார்கள். அதனால்தான் அம்மா என்னிடம் கேட்டாள்.

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அண்ணன் ஷிபின் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று போனான். இறங்கியதும் எல்லை ஆற்றைக் கடத்திக் கொண்டுபோய் ஒரு கட்டிடத்தில் அடைத்துவிட்டார்கள். போனில் ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிக்கிற வேலை. மறுத்தால் அடி, கரண்ட் ஷாக். அவன் அழுததை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். தன் இடத்துக்கு இரண்டு பேரை வரவழைத்தால் விட்டுவிடுவார்களாம். அன்றிலிருந்து அம்மா சோறு தொடவில்லை. 

கர்த்தரிடம் நன்மை பெற்றவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். சாட்சியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"ஏட்டி, நீ சொன்னா சபை நம்பும். நமக்கு அவனை விட்டா ஆரு உண்டு?" என்றாள் அம்மா.

மாட்டேன் என்றேன். அழுதேன். பாவம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அங்கே அடி வாங்குவது என் அண்ணன். ஞாயிறன்று எழுந்து, அண்ணனைக் கர்த்தர் நல்ல இடத்தில் வைத்திருக்கிறார், அங்கே இன்னும் ஆள் தேவைப்படுகிறது என்று சொன்னேன். குரல் நடுங்கியது. உருக்கமாகச் சொன்னாய் என்று சத்தியபாய் மாமி என்னைக் கட்டிக்கொண்டார். அவர் மகன் ஜெஃப்ரின் வாசலில் நிறுத்திக் கேட்டான்.

"உள்ளதா ஷைஜா? நல்ல வேலைதானா?"

"சபையில நின்னு பொய் சொல்லுவனா அண்ணா?"

அவனும் அவனோடு படித்த கூட்டுக்காரன் ஒருவனும் போனார்கள். அந்தக் கூட்டுக்காரனின் பெயர் எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அண்ணன் வந்துவிட்டான். வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் மனமிரங்கிவிட்டதாக அவனிடம் சொன்னோம், லீவுக்கு வந்திருப்பதாக ஊரில் சொன்னோம். அவமானத்தில் அவனும் வாய் திறக்கவில்லை. அம்மா மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன் குழம்பு வைத்தாள். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

பிறகு ஜெஃப்ரின் எனக்குப் போன் செய்தான். தன் அம்மாவுக்கு இதயக் கோளாறு, அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றான். என்னைத் திட்டவில்லை.

"ஏதாவது செய்யி மக்கா" என்றான்.

நான் அண்ணா என்று கூப்பிட்டவனை அப்படியே விட முடியுமா? எனக்கும் மனசாட்சி உண்டு, மேடம். அவனை மீட்க இரண்டு பேர் வேண்டும், அவன் கூட்டுக்காரனுக்கு இரண்டு பேர்.

போன ஞாயிறு மறுபடியும் எழுந்தேன். லீவில் வந்திருக்கும் என் அண்ணன் என்று ஆரம்பித்ததுமே, அண்ணன் பெஞ்சை விட்டு எழுந்து வெளியே போனான். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான், அவ்வளவுதான். அன்று மதியமே மூன்று பையன்கள் பாஸ்போர்ட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இன்னும் ஒரே ஒரு ஆள் கிடைத்திருந்தால் எல்லோருமே வீடு வந்து சேர்ந்திருப்பார்கள்.