நொச்சிப் புகை

மறைமலை நகரிலிருந்து தாம்பரம் வரும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் இருவர் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார்கள். ஊரப்பாக்கம் தாண்டியதும் இளையவர் சொன்னார்:

"கொசு மருந்து கெமிக்கல்னு நிறுத்திட்டேன் மச்சான். நொச்சி, வேப்பிலை எல்லாம் இயற்கைதானேன்னு கதவை மூடிகினு கொளுத்தினேன். பாப்பாவுக்கு மூச்சு திணறிப்போச்சு."

"நீ பெயிண்ட் அடிக்கிற எடத்துல வேலை செய்றவன்டா. மாஸ்க் இல்லாம உள்ள போவியா?"

"ஒரு நாளும் போனதில்ல."

"அப்புறம் இன்னா? புகைன்னா புகைதானே! வேப்பிலைப் புகைன்னா மட்டும் நெஞ்சு தாங்கிக்குமா?"

"தெரியல மச்சான். பாப்பா இருமினப்பகூட, சளிதான் வெளிய வருதுன்னு இன்னும் ரெண்டு கொத்து போட்டேன்."

ரயில் பெருங்களத்தூரில் நின்று கிளம்பியது.

"இப்ப எப்டி கீது?" என்றார் மூத்தவர்.

"நேத்து ஆஸ்பத்திரியிலருந்து கூட்டினு வந்துட்டோம். அவங்கம்மாகிட்ட நல்லா வெளையாடுது. நான் கிட்ட போனாதான் மூக்கைப் பொத்திக்குது."